பன்னிரண்டாவது படம்

சிதம்பரம் வண்டிகேட் தைலம்மாள் பதினேழு மாதம் கர்ப்பமாக இருந்ததற்குக் காரணம், லூர்துசாமி ஸ்டூடியோ காமிராவில் ஒரு படம் மிச்சமிருந்ததுதான். பூசணிக்காய் கனத்தில், மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் காமிரா அது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பன்னிரண்டும் எடுத்து முடித்தால்தான் லூர்துசாமி ரோலைக் கழுவுவார். கழுவும்வரை அதில் விழுந்த ஆள் விழுந்தபடியே இருப்பார் என்பது ஊரறிந்த சங்கதி. ரெண்டு நாளில் ரோல் முடிந்துவிடும் என்பதால் யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை.

அறுபத்து நாலு கார்த்திகையில், ஒன்பதாம் மாத வளைகாப்புக்குப் பூ ஜடை தைத்து, தைலம்மாள் கண்ணாடி முன்னால் நின்று எடுத்துக்கொண்டது பத்தாவது படம். பினாங்குக்குத் திரும்பிப் போக, பாஸ்போர்ட்டுக்காக லால்கான் தெரு காசிம் உட்கார்ந்தது பதினொன்று. அன்று சாயங்காலமே காசிம் ரத்தமாக இருமினார். கடலூர் டாக்டர் மூன்று நாள் கெடு சொல்லி அனுப்பிவிட்டார். நல்லவேளை, அந்த வாரம் பூரா அடைமழை, ஸ்டூடியோவுக்கு ஈ காக்கை வரவில்லை. காசிமின் மனைவி அமீருன்னிசா மழையோடு ஓடிவந்து, "அண்ணே, அந்த ரோல முடிச்சிடாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அழுதாள். லூர்துசாமி இளகின மனுஷன். காமிராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய பிளேட் காமிராவில் பிழைப்பை ஓட்டினார்.

காசிம் சாகவில்லை. தைலம்மாளும் பெறவில்லை. அதே ரோலில் இருந்த சுப்பிரமணிய வாத்தியாருக்குத் தாடி வளராததில் நாவிதர் ஒருவருக்குத்தான் கோபம். தைலம்மாளின் புருஷன் தங்கராசு ரெண்டு தடவை வந்து கத்தினான். "ஒரு பக்கம் உசுரு வரும், ஒரு பக்கம் உசுரு போவும். நான் எந்த மனசோட அமுக்குவேன், சொல்லு தம்பி" என்றார் லூர்துசாமி. 

ஆடியில் தைலம்மாளே வயிற்றைத் தாங்கிக்கொண்டு லால்கான் தெருவுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வந்தாள். வாசலிலேயே முடியாமல் உட்கார்ந்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றுதான் கேட்க முடிந்தது. தூக்கிவிடப் போன அமீருன்னிசாவின் கையில் வயிற்றுக் குழந்தை உதைத்தது. அவள் கையை எடுக்கவில்லை. உள்ளே கட்டிலிலிருந்து காசிம், "அமீரு, நீயே போயி உக்காந்துட்டு வா. எனக்கும் எட்டு மாசமா மூச்சு பாதியிலயே நிக்குது" என்றார்.

மறுநாள் அமீருன்னிசா பன்னிரண்டாவது படத்துக்கு உட்கார்ந்தாள். கண்ணீர் நிற்கவில்லை. லூர்துசாமி குனிந்தபடியே, "அழும்மா, பரவால்ல. ஆடாம அழு" என்றார்.

நாலு மணிக்கு ரோலைக் கழுவினார். நாலேகாலுக்குக் காசிம் மௌத்தானார். நாலரைக்குத் தைலம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஆறரை ராத்தல். வாத்தியார் மறுநாள் சவரம் செய்துகொண்டார்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து அமீருன்னிசா படம் வாங்க வந்தாள். கடைசி ரெண்டு படம் மட்டும் பிலிமில் வெட்டாமல் கிடந்தது. லூர்துசாமி கத்தரிக்கோலை எடுத்ததும், "வெட்டிடாதீங்கண்ணே, அவரையும் என்னையும் அப்படியே ஒண்ணாப் போட்டுக் குடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தார். பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான்.