தண்ணீர்க் குழியில் ஒரு கோடு

கொசு விஷயத்தில் கண்ணை நம்பினால் கதை கந்தல்தான். மாட்டைக் கடித்துவிட்டுப் போகும் கொசுவும், மனிதரைக் கடித்து மலேரியா கொடுக்கும் கொசுவும் அச்சு அசல் ஒரே உருவம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பிடி கொடுக்காது. அதனால் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் கொசுவின் ஒரு காலைக் கிள்ளி அரைத்து, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, இனத்தைக் காட்டும் துண்டைப் பல மடங்காக்கி, ஜெல் என்ற கூழ்ப்பலகையின் குழிகளில் ஊற்றி, மின்சாரத்தால் ஓடவிடுவாள். மேலே கோடு விழுந்தால் மாட்டுக்கொசு, கீழே விழுந்தால் காய்ச்சல் கொசு.

இந்த முறை வந்தவை அவளுடைய அண்ணன் தெருவில் பிடித்த கொசுக்கள். அண்ணன் மகள் மலேரியாவில் போய்ச் சேர்ந்து இன்னும் ஈரம் காயவில்லை. அண்ணி முன்பே இல்லை. தூக்கி வளர்த்த அத்தை இவள்தான். பாவம், அழுவதற்குக்கூட நேரமில்லாமல் கால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

எல்லாக் குழிகளிலும் கீழே கோடு தெரிந்தது. கூடத்தின் தலைமை அதிகாரி ஓர் அவசரக்குடுக்கை. வாசலில் நின்ற அண்ணனிடம், "உங்க தெருதாங்க ஆபத்து, வீட்ல தூங்காதீங்க" என்று சொல்லியே விட்டார்.

அவள் கடைசிக் குழியைப் பார்த்தாள். அதில் கொசுவே இல்லை, வெறும் தண்ணீர். வேலை சுத்தமா என்று பார்ப்பதற்காக வைப்பது. அதிலும் கோடு!

"லேசாத்தானேம்மா இருக்கு, விடு" என்றார் அதிகாரி.

"தண்ணிக்கு ஏது சார் காலு?"

ஒப்பிடுவதற்காக வைத்திருந்த காய்ச்சல் கொசுவின் மரபணு எந்தக் கரைசலிலோ கலந்திருக்கிறது. அத்தனையையும் கொட்டினாள். மேசையைக் கழுவினாள். புதுக் கரைசல், வேறு கால்கள். அண்ணன் இரவுக்காவல் பார்க்கும் கிடங்கில் பிடித்து வந்திருந்த கொசுக்களையும் சேர்த்து ஓடவிட்டாள்.

தண்ணீர்க் குழி சுத்தமாக இருந்தது. தெருக் கொசுக்கள் எல்லாம் மேலே. கிடங்குக் கொசுக்கள் எல்லாம் கீழே. அப்பாவோடுதான் படுப்பேன் என்று அடம்பிடித்து, அந்தக் குழந்தை தினமும் தூங்கியது கிடங்கில்தான். குழந்தையின் தம்பி சின்னவன் மட்டும் இரவில் பக்கத்து வீட்டில் தங்கிக்கொள்வான்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். தோளில் சின்னவன், கக்கத்தில் பாய்.

"வீடுதான் ஆகாதுன்னுட்டாங்களே. இனிமே இவன் ராத்திரி என்கூடவே கிடங்குல இருக்கட்டும்."

ஏதாவது சாக்குச் சொல்லிப் பையனை வாங்கிக்கொள்ளலாம். நாளைக்கு? நாளன்றைக்கு? சொல்லாமல் விட்டால் இவனையும் தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான்.

"அண்ணா, அவர் சொன்னது தப்பு. தெருவுல அந்தக் கொசு இல்ல. கிடங்குலதான் இருக்கு."

அவன் கக்கத்திலிருந்த பாயைப் பார்த்தான்.

"அப்போ நான்தான் அவளக் கூட்டிட்டுப் போயிருக்கேன்."

"உனக்கு எப்படிண்ணா தெரியும்?" அவளுக்கு அழுகை பீறிட்டது. "பார்த்தா எங்களுக்கே தெரியாது."

அண்ணன் சின்னவனை அவள் கையில் கொடுத்தான். பாயையும் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"மருந்தடிக்கிறவங்கள இன்னைக்கே வரச் சொல்லு" என்றான். "அவ படுத்திருந்த எடத்த நான் காட்டுறேன்."