முப்பத்தேழாம் குழாய்

கருங்காய்ச்சலைக் கண்டுபிடிக்க எங்கள் ஆய்வகத்தில் ஒரு பட்டை தயாரித்தோம். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் பத்து நிமிடத்தில் ஒரு கோடு விழும். நோய் இருந்தால் இரண்டு. மணல் ஈ கடித்து, மண்ணீரல் வீங்கிச் சாகிறவர்கள் மண்சுவர் வீட்டுக்காரர்கள். எந்தக் கம்பெனியும் அவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்தோம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

பட்டை பொய் சொல்லாது என்று நிரூபிக்க ஐம்பது ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும். ஆள் குறைந்தால் வீட்டு ஆட்களைக் கூட்டி வருவது எங்கள் வழக்கம். நான் தங்கையைக் கூட்டி வந்தேன். அவள் குடியிருந்தது மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய மண்சுவர் வீடு. ஊருக்கெல்லாம் மணல் ஈயைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற எனக்கு அது உறைக்கவில்லை.

பெயர்கள் பூட்டி வைத்த நோட்டில் இருந்தன; குழாய்களில் வெறும் எண்கள். நாற்பத்தொன்பது பட்டைகளில் ஒரு கோடு. முப்பத்தேழில் மட்டும் இரண்டு.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பட்டையை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார்.

"நல்லா இருக்கறவங்க ரத்தத்துல ரெண்டு கோடு எப்படிய்யா வரும்? குழாயை ஒழுங்கா கழுவினியா? நாளைக்கு அறிக்கை போகணும். நூத்துக்கு நூறு வேணும்."

நோட்டைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் பார்க்கவில்லை. 'கெட்டுப்போன ரத்தம்' என்று எழுதி முப்பத்தேழைக் குப்பையில் போட்டேன். என் விரலைக் குத்தி இன்னொரு பட்டையில் விட்டேன். ஒரே கோடு. பூதக்கண்ணாடி என் முதுகில் தட்டினார்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"என்னண்ணா, என் ரத்தம் பாஸா?"

"உனக்கென்னடி, கல்லுக்குண்டாட்டம் இருக்கே" என்றேன்.

அந்த வார்த்தையை நம்பித்தான் காய்ச்சல் வந்தபோதும் அவள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நான்கு மாதம் கழித்து, வயிறு புடைத்து, ஈறில் ரத்தம் கசிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆய்வகத்திலிருந்து ஒரு பட்டையைத் திருடிக்கொண்டு ஓடினேன். சொட்டு காய்வதற்குள் இரண்டாவது கோடு கருப்பாக விழுந்தது. திரும்பி வந்து நோட்டைத் திறந்தேன். முப்பத்தேழு அவள்தான்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஊசியிலயே குணமாக்கியிருப்போம்" என்றார் டாக்டர். "இனிமே தாங்காது."

பூதக்கண்ணாடியிடம் சொல்லி அழுதேன். அவர் உச்சுக்கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதே. இவ்ளோ முத்தின கேஸ் நமக்குக் கிடைச்சதே இல்ல. ஒரே ஒரு குழாய் எடுத்துட்டு வா."

செருப்பால் அடித்திருக்க வேண்டும். குழாயை வாங்கிக்கொண்டு போனேன்.

தங்கை தானாகவே கையை நீட்டினாள். "அண்ணா, அன்னைக்கு எடுத்தியே, அதுல நிஜமாவே ஒன்னுமில்லையா?"

"ஒன்னுமில்லடி."

"அப்ப இது அதுக்கப்புறம் வந்ததுதான். நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? உன் தப்பா என்ன?"

குழாய் நிறைந்ததும் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினேன். அவள் மறு கையால் என் தலையைக் கோதினாள். பஞ்சு நனைந்தது. இன்னொன்று வைத்தேன். ரத்தம் நிற்கவில்லை.