தொட்டிக்குள் போன பினாயில்

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் என் தொழிலுக்கு உதவியாக வந்தார். சந்தையில் வீணாகும் காய்கறியிலிருந்து சமையல் வாயு எடுப்பது என் தொழில். தொட்டிக்குள் கரைத்து ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று வாயுவை விடும். மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் மெல்ல எழும்பும். நாற்றமில்லாமல் இந்தத் தொழில் இல்லை என்று நான் தலைகீழாக நின்று சொன்னாலும் மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார்.

எங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட எரிசக்தித் தொழில்களை வளர்த்துவிட ஓர் அலுவலகம் இருக்கிறது. பெரிய மாணவர் விடுதி ஒன்றின் சமையலறைக்கு வாயு கொடுக்க அவர்கள் ஒரே ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா நேரில் வந்து அடுப்பை எரிய வைத்துப் பார்ப்பார். போட்டியில் இருப்பது நானும், இரண்டு தெரு தள்ளி இதே தொழில் செய்யும் தாடிக்காரரும். எனக்கு இது கிடைக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால் டிரம் அடிமட்டத்தில் கிடக்கிறது.

"என்னங்க பண்ணீங்க?"

"பெரியவங்க வர்றாங்களேன்னு ரெண்டு கேன் பினாயில் ஊத்துனேன். கொஞ்சம் வாசனையா இருக்கட்டுமேன்னு..."

"இருக்குற கிருமி அத்தனையையும் கொன்னுட்டீங்களே! அதுங்கதானே நமக்குச் சோறு போடுதுங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். புதிதாகக் கரைத்து வாயு வர ஒரு மாதமாகும். எங்களுக்கு இருந்ததோ நான்கே நாள்.

மத்தியானம் வாசலில் ஒரு டேங்கர் வண்டி வந்து நின்றது. தாடிக்காரர் இறங்கினார். என் கத்தல் அவர் காது வரை போயிருக்கிறது.

"தொட்டியக் கழுவுங்கம்மா. என் தொட்டியில இருந்து பாதிக் கரைசலக் கொண்டாந்திருக்கேன், கிருமியெல்லாம் உசுரோட இருக்கு."

"நாங்க தோத்தா உங்களுக்கு நல்லதுதானேண்ணே?"

"தோக்குறது வேற. அடுப்பே எரியலைன்னா, இந்த வாயுவ நம்பி உலை வைக்கக் கூடாதுன்னு பேராயிடும். அப்புறம் என்கிட்ட மட்டும் யாரு வாங்குவா?"

மூன்று வருடமாக அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி பேசியவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூவரும் முழங்கால் வரை சேற்றில் நின்று தொட்டியைக் கழுவி, அவர் கொண்டுவந்ததை ஊற்றினோம்.

வெள்ளிக்கிழமை என் அடுப்பு நீலமாக எரிந்தது. அதிகாரியம்மாவுக்கு ஏக திருப்தி. "அடுத்து அவர் இடத்தையும் பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்று கிளம்பினார்.

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. பாதித் தொட்டியோடு அவர் அடுப்பு எப்படி எரியும்? நான் வாயைத் திறந்ததும் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். மிதித்தால் மிதிக்கட்டும். பினாயில் முதல் டேங்கர் வரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். அந்தம்மா ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டார். "வண்டியில ஏறுங்க" என்றார்.

தாடிக்காரர் அடுப்பு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "இன்னிக்குக் கொஞ்சம் கம்மிங்க" என்றாரே தவிர, என்னைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதிகாரியம்மா ஃபைலை மூடினார். "ஒரு தொட்டி நின்னுட்டா பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னுதான் எங்க ஆபீஸே கவலப்பட்டுச்சு. ஒருத்தர் தொட்டி நின்னா இன்னொருத்தர் கைகுடுப்பாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் செஞ்சே காட்டிட்டீங்க. சேர்ந்து குடுக்குறீங்களா? ஆர்டர் ரெண்டு பேருக்கும்."

தாடிக்காரர் என் பக்கம் திரும்பினார். "சொல்லிட்டியாம்மா?"

"சொல்லாம இருக்க முடியலண்ணே."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.