அப்பா வைத்த கண்

மடிக்கணினியின் திரை நீலமானது. ஒரு வரி எழுத்து தோன்றியது. அணைந்தது. மறுபடியும் நீலமானது.

"காலையிலேர்ந்து இதே கூத்துதான் அண்ணா," என்றாள் மகள். "பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டா பறக்கும்னு சொன்னீங்க. பறக்கல, படுத்துருச்சு."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நேத்து நல்லாத்தானே ஓடுச்சு தங்கச்சி! பழசுல இருந்ததையெல்லாம் அப்படியே புதுசுக்கு மாத்தினேன். கடைசியா, பாதுகாப்பு செட்டிங் ஒண்ணு ஆஃப்ல கிடந்துச்சு. ஆன் பண்ணிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செஞ்சேன்."

பக்கத்தில் நின்றிருந்த அப்பாவுக்கு வியர்த்தது. அந்த செட்டிங்கை அணைத்தவர் அவர்தான்.

அவருக்குத் தணிக்கைப் பிரிவில் வேலை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் தூக்கம் வராது. மகள் கல்லூரியில் சேர்ந்ததும், இணையத்தில் பெண்கள் ஏமாற்றப்பட்ட செய்திகளைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வைக்க ஆரம்பித்தார். அவள் குளிக்கப் போயிருந்த ஒரு காலையில், தடுக்கும் என்று அந்தப் பாதுகாப்பு செட்டிங்கை அணைத்துவிட்டு, இலவசமாகக் கிடைத்த வேவு நிரல் ஒன்றை அவளுடைய கணினியில் ஏற்றிவிட்டார். அவள் எந்தத் தளத்துக்குப் போகிறாள், யாருக்கு எழுதுகிறாள் என்பதெல்லாம் அவருடைய கைபேசிக்கு வந்தது. படிப்பு, பாட்டு, தோழியோடு சண்டை, சமாதானம். தப்பாக ஒன்றும் இல்லை. ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை.

கணினிதான் நாளுக்கு நாள் மந்தமானது. "உயிரை வாங்குதுப்பா" என்று மகள் புலம்பியபோது, எஸ்எஸ்டி மாற்றலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. அன்றைக்கு அவள் ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நோண்டிட்டு இருக்க வேணாம் தம்பி," என்றார் இப்போது. "மொத்தத்தையும் அழிச்சுட்டு புதுசா ஏத்திடுங்க."

"அப்பா! என் ப்ராஜெக்ட் பூரா அதுலதான் இருக்கு. விளையாடுறீங்களா?"

"அவசரப்படாதீங்க சார். எது மறிக்குதுன்னு பாத்துடலாம்." கடைக்காரர் ஒரு பென் டிரைவைச் செருகி, அதன் வழியாகக் கணினியை எழுப்பினார். கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தவரின் விரல்கள் சட்டென்று நின்றன.

"இந்த ஃபைல்தான். நான் ஆன் பண்ணின செட்டிங் இதைத் திருட்டு ஃபைல்னு பிடிச்சு, கணினியைக் கிளம்ப விடாம நிறுத்தியிருக்கு." குரலைத் தணித்தார். "தங்கச்சி, இது வேவு பாக்குற ப்ரோகிராம். யாரோ வேணும்னே போட்டிருக்காங்க."

அவர் ஒரு கோப்புறையைத் திறந்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரையை அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

படங்கள். வரிசை வரிசையாக அவளுடைய அறை. தலையில் ஈரத்துண்டோடு அவள். வாய் பிளந்து தூங்கும் அவள். முழங்காலைக் கட்டிக்கொண்டு அழும் அவள்.

அப்பாவும் எட்டிப் பார்த்தார். அந்த நிரல் படம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவள் என்றைக்கு அப்படி அழுதாள் என்பதும் தெரியாது.

"இதெல்லாம்... எங்க போகுது?" என்றாள் மகள்.

"அதை எழுதினவன்கிட்ட. இலவசம்னா சும்மாவா? போட்டவங்களுக்குக் கொஞ்சம் காட்டிட்டு, மிச்சத்தை அவன் சுருட்டிக்குவான். எத்தனை பேர் கைக்குப் போச்சோ, சொல்ல முடியாது."

அவள் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். இன்னொரு கையால் அப்பாவின் கையைப் பற்றினாள்.

"போலீசுக்குப் போலாம்ப்பா. என் ரூமுக்குள்ள வந்தவங்கதானே போட்டிருக்கணும்? சித்தப்பா பையன் போன மாசம் வந்தானே, லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் கொடுன்னு வாங்கிட்டுப் போனானே... அவன்தாம்ப்பா! பாவி, தங்கச்சின்னு கூப்பிட்டுக்கிட்டே..." மற்ற கையால் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். "சித்தப்பாகிட்ட இப்பவே கேக்கறேன்."

"அவன் இல்லம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா அவளுடைய கைபேசியின் திரையைக் கையால் மறைத்தார்.

"நான்தான் போட்டேன்."

பற்றியிருந்த கை நழுவியது. கடைக்காரர் எதையோ தேடுகிறவர்போல உள்ளே போய்விட்டார்.

"யாரோட பேசுறன்னு மட்டும்தாம்மா பாத்தேன். படம் எடுக்கும்னு சத்தியமா தெரியாது. உன் நல்லதுக்குன்னுதான்..."

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேப்பா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. ஊரார் கண்ணிலிருந்து மறைத்து வளர்த்த பெண்ணை ஊர் பேர் தெரியாதவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது தன் கைதான் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

"போலீசுக்குப் போலாம்," என்றார் மெதுவாக. "போட்டது நான்தான்னு நானே சொல்றேன். என்னை என்ன வேணா செய்யட்டும். அந்தப் படங்களை நிறுத்தணும்."

"போலாம்," என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். "ஆனா ஒண்ணுப்பா. காவல் காக்கிறது வேற, ஒளிஞ்சு பாக்கிறது வேற. பெத்தவங்களுக்குப் பயமா இருந்தா, பிள்ளைங்களை எதிர்ல உக்கார வெச்சுக் கேக்கணும். திருட்டுத்தனமா வைக்கிற கதவு, வெச்சவங்களுக்கு மட்டுமா திறக்கும்? திருடனுக்கும்தான் திறக்கும்."