பாதிரியின் தொண்டை

எர்சிலியோவுக்கு உலகத்திலேயே ஆகாத ஆள் அந்த அமெரிக்க நடிகன்தான். இருபது வருடமாக அவனுக்கு இத்தாலியக் குரல் கொடுத்துத்தான் இவர் வயிறு நிறைந்தது என்பது வேறு விஷயம்.

"மரக்கட்டைய்யா அவன்! வாயைத் திறந்தா கோழி கொக்கரிக்கிற மாதிரி இருக்கும். ரோமாபுரிப் பொம்பளைங்க உருகுறதெல்லாம் என் தொண்டைக்கு!" என்று காப்பிக்கடையில் நின்றபடியே முழங்குவார். கேட்டவர்கள் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நழுவுவார்கள். இவர் முகத்தை எவனும் சட்டை செய்ததில்லை. தானே படத்தில் தலைகாட்டினால் ஓட்டல் பணியாளாக வருவார், இல்லாவிட்டால் பிணத்துக்குப் பின்னால் நடந்து வருவார்.

அமெரிக்கன் ரோமிலேயே நடிக்க வந்த வருடம் இவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சாகக் கிடக்கும் அவனுக்குப் பாவமன்னிப்பு தரும் கிழப் பாதிரி வேடம். நீளமான காட்சி, திரை முழுக்க இவர் முகம். நன்றாகவும் நடித்தார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வழக்கம்போலப் படப்பிடிப்பில் பேசியது எதுவும் படத்துக்கு உதவாது. பேச்செல்லாம் பிறகு டப்பிங்கில்தான்.

அங்கே போனதும் டப்பிங் இயக்குநர் ஃபோஸ்கோ சாவகாசமாகச் சொன்னார்: "பாதிரிக்குப் பேச ப்ரூனெத்தியைக் கூப்பிட்டிருக்கேன்."

"என் மூஞ்சிக்கு அந்தத் தகரடப்பாவா? எனக்கு என்ன, வாய் இல்லையா?"

"நீர் அமெரிக்கனுக்குப் பேசணுமே ஓய். ரெண்டு பேருக்கும் ஒரே குரல்னா, அவனே அவனுக்குப் பாவமன்னிப்பு குடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"அப்ப மரக்கட்டைக்கு ப்ரூனெத்தி பேசட்டும். என் மூஞ்சிக்கு நான்தான்."

"ஒரு தடவை கைமாறினா அமெரிக்கன் உமக்குத் திரும்பி வரமாட்டான். நல்லா யோசியும்."

"அந்தக் கோழிக்கு எவன் குரல்னா என்ன!" என்றார் எர்சிலியோ.

படம் வந்தது. புது டை கட்டிக்கொண்டு, மனைவி இனேஸோடு பேட்டை சினிமாவுக்குப் போனார். அமெரிக்கன் ப்ரூனெத்தி குரலில் பேசத் தொடங்கியதும் அரங்கத்தில் சின்ன முணுமுணுப்பு. இவர் பெரிய ரகளையை எதிர்பார்த்துக் காத்திருந்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. வெட்கங்கெட்ட ஜனங்கள்.

கடைசியில் பாதிரி வந்தார். எர்சிலியோ நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதிரி வாயைத் திறந்ததுதான் தாமதம், பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், ஹீரோ குரலைப் பாதிரி திருடிட்டாருடோய்!"

"கிழவன் மிமிக்ரி பண்றான்!" என்றான் இன்னொருவன். கொட்டகையே சிரித்தது. பாவமன்னிப்பு முடியும்வரை சிரிப்பு ஓயவில்லை. அமெரிக்கன் கண்ணை மூடியபோதுதான் அடங்கியது.

வெளியே வந்ததும் பார்த்தார், இனேஸின் கண்கள் சிவந்திருந்தன. இவளாவது தனக்காக அழுதாளே என்று அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"விடு இனேஸ். கழுதைங்க சிரிச்சதுக்கெல்லாமா அழுவாங்க?"

"அதுக்கில்ல," என்று மூக்கைச் சிந்தினாள் இனேஸ். "அவன் செத்துட்டானே, பாவம்."

"யாரு, அந்த மரக்கட்டையா? ப்ரூனெத்தி குரல்ல செத்தானே, அதுக்கா?"

"எவன் குரல்னா என்ன!" என்றாள் அவள்.