தேன் நிறத்துக்குள் மரம்

என் பேஸ் கிட்டாரைக் கார் டிங்கரிங் கடையில் கொண்டுபோய்க் கொடுத்த என் புத்தியை என்ன சொல்ல! ஆனால் எங்கள் ஊர் மேட்டகள்ளியில் காளியப்பண்ணா பெயின்ட் அடித்த வண்டியைப் பார்த்து மயங்காதவர் கிடையாது. கறுப்புச் சாயம் உரிந்துபோன கிட்டாரை அவரிடம் கொடுத்து, போனில் படம் காட்டினேன். நடுவில் தேன் நிறம், சுற்றிச் சிவப்பு, விளிம்பில் கறுப்பு. சன்பர்ஸ்ட் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. நான் வாசித்தாக வேண்டும், என்னிடம் இருப்பதோ இந்த ஒரு கிட்டார்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால், தேய்த்துச் சுத்தமாக்கிய மரத்தின் மேல் முழுக்கப் பட்டி பூசி வைத்திருக்கிறார் மனுஷன்! கார் ஒடுக்கை நிரவுகிற அதே பட்டி. கோபம் வந்தால் எனக்குக் கன்னடம்தான் முந்தும்.

"அய்யய்யோ, ஏனு மாடிபிட்ரி! என்ன பண்ணி வச்சிருக்கீங்க! மரத்தையே மூடிட்டீங்களே! அந்த மர வரியெல்லாம் சாயத்துக்குள்ள தெரியணும்ண்ணா!"

அவர் முகம் சுண்டிப்போனது.

"வண்டிக்கு இப்படித்தானுங்க அம்மணி. அடிபட்ட எடம் தெரியாம மூடறதுதானுங்க நம்ம வேலை. பெயின்ட் அடிச்சிருக்குன்னு எவனாச்சும் கண்டுபுடிச்சா, வேலை சுத்தமில்லைன்னு அர்த்தம். இருவத்தாறு வருசமா இதேதானுங்க."

போனில் படத்தைப் பெரிதாக்கி, சாயத்துக்குள் மரம் தெரிவதை மறுபடி காட்டினேன். புதன் முழுக்க உப்புத்தாளை வைத்துக் கையாலேயே தேய்த்துப் பட்டியை எடுத்திருக்கிறார். வியாழன் நான் போனபோது வரிகள் பளிச்சென்று வெளியே வந்திருந்தன. என் கண் முன்னால் மஞ்சள் அடித்தார், காயவிட்டுச் சிவப்பு அடித்தார். கடைசியில் ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, விளிம்பில் கறுப்பை ஊதினார். ஒரு சொட்டு தெறித்தால் எல்லாம் போச்சு. சிவப்பு எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடேயப்பா, என்ன கை அது!

சனிக்கிழமை, பளபளப்புக்காக மேலே அடித்த லேக்கர் காய்ந்து, கம்பி மாட்டி, தயாராக இருந்தது. வெயிலில் தூக்கிக் காட்டினார். தேன் நிறத்துக்குள் மரத்தின் ஒவ்வொரு வரியும் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிட்டாரை என்னிடம் நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை.

"சர்ச்சுல எல்லாரும் இதப் பாப்பாங்களா அம்மணி?"

"பாக்காம? எல்லாருக்கும் முன்னாடிதானே நிப்பேன்."

"யாரு அடிச்சதுன்னு ஆராச்சும் கேட்டாங்கன்னா..." பாதியில் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"கேக்கலைன்னாலும் சொல்லுவேன்ண்ணா. மைக்லயே சொல்லுவேன்."

அதன் பிறகுதான் கையை எடுத்தார்.