சுமையோடு ஓர் இறக்கம்

விடியும் முன்பே குவாரியில் தூசி எழும்பிவிட்டது. பெரிய டிரைவர் டிப்பரை நிறுத்தி இறங்கி, இருக்கைக்கு அடியிலிருந்த மரக்கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். மலையில் ஓட்டுகிறவன் ஒவ்வொருவனிடமும் இப்படி ஒரு கட்டை உண்டு. வைத்தவன்தான் அதை எடுக்க வேண்டும். அடுத்தவன் கை படக் கூடாது. வண்டிக்கடியில் ஆள் படுத்திருக்கலாம் அல்லவா?

பொக்லைன் கொட்டிய ஒவ்வொரு வாளிப் பாறைக்கும் வண்டி குலுங்கியது. பல்லிடுக்கில் மண் நறநறத்தது. கீழே, ஏழு வளைவு தாண்டி, அணை கட்டுகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஏற்ற இறக்கம்தான் அவர் பிழைப்பு.

இரண்டாம் நடைக்கு மேலே வந்தபோது முதலாளி நின்றிருந்தார். பக்கத்தில் புதுப் பெயிண்ட் அடித்த பழைய டிப்பர் ஒன்று. இதேபோல் எட்டு வண்டி மலிவாகக் கிடைக்கிறதாம். பெரிய டிரைவர் ஓட்டிப் பார்த்து, 'நல்ல வண்டி' என்று தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

போன வருஷமும் இதே தாள்தான். காலி வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்த்தார், சிட்டாய் ஏறியது, கையெழுத்துப் போட்டார். ஏறுவதைப் பார்த்தாரே தவிர, இருபது டன் கல்லோடு இறங்குமா என்று பார்க்கவில்லை. மூன்றாம் நாள், நாலாவது வளைவில் பிரேக் சூடேறிக் கைவிட்டது. ஓட்டியவன் அவர் தங்கை புருஷன். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் முதலாளி கை கழுவினார். அண்ணன் வந்தால் தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அந்த விபத்தில் ஒரு காலை இழந்த மாப்பிள்ளை இப்போது குவாரி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணுகிறான். ஊன்றுகோலோடு மெல்ல வந்து அவர் பக்கத்தில் நின்றான்.

“பாத்து எழுதுங்க மச்சான். எங்கிட்ட இன்னும் ஒரு காலுதான் மிச்சம்.”

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய டிரைவர் தாளை நாலாக மடித்தார்.

“சக்கரத்தைக் கழட்டி பிரேக்கைப் பாக்கணுங்க. அப்புறம் லோடு ஏத்தி, முதல் வளைவுல நிறுத்திப் பாக்கணும்.”

“அதுக்கெல்லாம் ஏது நேரம்? வண்டி வாங்கறது நானா, நீயா?”

“வாங்கறது நீங்க. இறக்கறது நாங்க.”

முதலாளியின் குரல் தணிந்தது. “வயசாச்சு, பயம் வந்துடுச்சு உனக்கு. சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு. வேற ஆளு கையெழுத்துப் போடுவான்.”

பயம்தான். அதை அவர் மறுக்கவில்லை. சாவியைக் கொடுத்தார். பிறகு தன் டிப்பருக்குப் போய், கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே நிழலில் உட்கார்ந்தார்.

தாள் அடுத்த டிரைவரிடம் போனது. அவன் வாங்கவில்லை, தன் வண்டிக்குக் கட்டை வைக்கப் போனான். அவனுக்கு அடுத்தவனும் போனான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. கடைசியில் பொக்லைன்காரர் வாளியைத் தரையில் இறக்கி இன்ஜினை அணைத்தார். மலை அப்படி அமைதியாக இருந்து அவர்கள் கேட்டதே இல்லை.

“அந்தக் கட்டைய எடுடா,” என்றார் முதலாளி, மாப்பிள்ளையைப் பார்த்து.

“வச்சவங்கதான் எடுக்கணுங்க.”

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நாளைக்கு வேறு டிரைவர்கள் வரலாம், போலீஸும் வரலாம். அடுப்பு எரியுமா என்ற கவலை எல்லார் கண்ணிலும் இருந்தது. ஆனால் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

மாப்பிள்ளை ஸ்டூலை இழுத்துவந்து பெரிய டிரைவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பழக்க தோஷம், விரலை நீட்டி நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.

“பன்னெண்டு மச்சான். ஒண்ணும் குறையல.”